திருவரங்குளத்திலிருந்து முதுமலைக்கு: குடும்பத்தோடு வேனில் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் டூர் பேச்சு தொடங்கிவிடும். அத்தா, அம்மா, நன்னா, நன்னி, மாமி, மச்சான் குடும்பம், பிள்ளைகள் என 15 பேருக்குக் குறையாமல் ஒரு வேனில் ஏறி, அடுப்பையும் சட்டியையும் பின்னால் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்புவது நம் பக்கத்தில் பல ஆண்டுப் பழக்கம். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் காருக்குப் பின்னால் படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்குப் போகும் படங்களை அனுப்புகிறார்கள். "நாமும் அப்படிப் போக முடியுமா?" என்ற கேள்வியும் எழுகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளத்தைப் புறப்படும் இடமாகவும் நீலகிரி மாவட்டத்தின் முதுமலையைச் சேரும் இடமாகவும் வைத்து, இந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று இங்கே தொகுத்துள்ளோம். ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர் எனப் பக்கத்து ஊர்களில் இருந்து கிளம்புவோருக்கும் இது பொருந்தும்.

முதுமலையை ஏன் தேர்ந்தெடுத்தோம்?

தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன: கிண்டி, மன்னார் வளைகுடா கடல்வாழ் பூங்கா, ஆனைமலையின் இந்திரா காந்தி தேசியப் பூங்கா, முக்குருத்தி, முதுமலை. நம் ஊர்ப் பக்கத்தில் பறவைகளுக்குப் பெயர்பெற்ற கோடிக்கரை, சரணாலயம் என்ற வகையைச் சேர்ந்தது; அது தேசியப் பூங்கா அல்ல.

முதுமலை 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதில் 103 சதுர கி.மீ. அளவிலான பகுதி 1990-இல் தேசியப் பூங்கா ஆனது. 2007-இல் புலிகள் காப்பகம் என்ற தகுதி கிடைத்தது. வெளிவட்டப் பகுதியையும் சேர்த்தால் காப்பகத்தின் பரப்பு சுமார் 688 சதுர கி.மீ. வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு என மூன்று மாநிலக் காடுகள் இங்கே ஒன்றோடொன்று சேர்கின்றன. 1986-இல் அறிவிக்கப்பட்ட இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமான நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதிதான் இது.

பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் தெப்பக்காடு யானைகள் முகாம். 2023-இல் ஆஸ்கர் விருது பெற்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தில் வரும் பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டி ரகுவை வளர்த்தது இந்த முகாமில்தான்.

கேம்பரைக் கட்டி இழுத்துப் போகலாமா?

சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் இந்தப் பாதைக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். காரணங்கள் இவை:

1. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் ஒரு தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு தேவை. இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரின் பின்புறம் தெரிய வேண்டும். பட்டறையில் வெல்டிங் செய்து கொக்கி மாட்டி, பதிவில்லாத பெட்டியை இழுத்துப் போனால், விபத்து நேரும்போது இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கலாகிவிடும்.

2. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவில் டிரெய்லரின் சக்கரம், இழுக்கும் வண்டியின் சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுப்பதும் எளிதல்ல.

3. காட்டுச் சாலையில் வண்டியை ஓரம் கட்டித் தங்கவோ சமைக்கவோ அனுமதி இல்லை. வெளிநாட்டுப் பூங்காக்களில் உள்ளதுபோலத் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்போடு கேம்பரை நிறுத்தும் இடங்கள் முதுமலைக்குள் கிடையாது.

வண்டியிலேயே தங்கும் பயணம் நம் நாட்டில் இப்போதுதான் வளர்கிறது. கேரள அரசு 2021-இல் 'கேரவன் கேரளா' என்ற கொள்கையை அறிவித்தது. வாகமனில் கேரவன் பூங்காவும் தொடங்கப்பட்டது. அங்கே ஓடுபவை பெரும்பாலும் படுக்கை வசதியோடு கட்டப்பட்ட ஒரே வண்டிகள். பின்னால் கட்டி இழுப்பவை அரிது.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கேம்பர் இழுக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்காவில் வழக்கமான கணக்கு. பாரம் பின்பக்கம் கூடிவிட்டால், வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பாதுகாப்புச் சங்கிலி, டிரெய்லருக்கென்று தனி பிரேக், அதன் விளக்கு இணைப்பு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பார்க்க வேண்டும்.

இதே பாடம் நம் வேனுக்கும் உண்டு. அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பாத்திரம் எல்லாவற்றையும் மேல் கேரியரில் ஏற்றிக் கட்டினால், வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். கனமான பொருளைத் தரைமட்டத்தில், இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்கள். கேரியரில் துணிப்பை, பாய், தலையணை மட்டும் போகட்டும்.

வேன் அமர்த்தும்போது

- மஞ்சள் நிற நம்பர் பிளேட் உள்ள வாடகை வண்டியையே அமர்த்துங்கள். தெரிந்தவர் என்பதற்காக வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்தில் காயம்பட்டவருக்கு இழப்பீடு கிடைப்பதில் பிரச்சினை வரும்.
- எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று ஆகியவற்றின் கடைசித் தேதியைக் கேட்டுப் பாருங்கள். டிரைவரின் லைசென்ஸையும் பாருங்கள்.
- பந்திப்பூர் பக்கமும் போவதாக இருந்தால் கர்நாடக எல்லையைக் கடக்க வேண்டும். அதற்குரிய பெர்மிட்டும் வரியும் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.
- 17 இருக்கை வண்டியில் 24 பேர் ஏறக் கூடாது. "பிள்ளைகள்தானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்பது மலைப்பாதைக்கு ஆகாது. சட்டப்படியும் அது தவறு.
- டயரின் பட்டன் தேய்மானம், ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வைப்பர், மூடுபனி விளக்கு, ஹாரன் ஆகியவற்றை முன்தினமே சோதியுங்கள். பிரேக்கை மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி உரிமையாளரிடம் வற்புறுத்துங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானவர் டிரைவர். வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துப் பேசுவதைவிட, நீலகிரிக்கு ஏற்கெனவே ஓட்டிப் பழகியவரைக் கேட்டு வாங்குவது மேல்.

செலவுக் கணக்கு

போகும் தூரம் சுமார் 410 கி.மீ. திரும்புவதையும் உள்ளூரில் சுற்றுவதையும் சேர்த்தால் 900 கி.மீ. அளவில் வரும். டெம்போ டிராவலர் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்தால் 90 லிட்டர் டீசல். மலை ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். அன்றைய டீசல் விலையால் பெருக்கிப் பாருங்கள்.

இதோடு நாள் வாடகை, டிரைவர் பேட்டா, டோல்கேட், பார்க்கிங், மலைக்கான கூடுதல் கட்டணம், தங்குமிடம், சஃபாரி டிக்கெட் ஆகியவை சேரும். சிலர் கிலோமீட்டர் கணக்கில் வாடகை பேசுவார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. என்று கணக்கு வைப்பார்கள். எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பங்கள் சேர்ந்து போகும்போது பொறுப்பான ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, அன்றன்று கணக்கை எழுதிவிட்டால், ஊர் திரும்பிய பிறகு மனக்கசப்பு வராது.

பாதையும் நேரமும்

திருவரங்குளம் – புதுக்கோட்டை – திருச்சி – கரூர் – காங்கேயம் – திருப்பூர் – அவிநாசி – அன்னூர் – மேட்டுப்பாளையம்: சுமார் 290 கி.மீ.
மேட்டுப்பாளையம் – குன்னூர் – ஊட்டி: சுமார் 50 கி.மீ.
ஊட்டி – பைக்காரா – கூடலூர்: சுமார் 50 கி.மீ.
கூடலூர் – தொரப்பள்ளி – தெப்பக்காடு: சுமார் 18 கி.மீ.

நம் பக்கத்தில் பெரும்பாலும் இஷா தொழுதுவிட்டு இரவு 10 மணிக்குக் கிளம்புவார்கள். "தூங்கி எழுந்தால் ஊட்டி" என்பது பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கணக்கில் டிரைவர் தூங்குவதே இல்லை. பகல் முழுக்க வேறு சவாரி ஓட்டிவிட்டு, இரவும் கண்விழித்து, கண் சொக்கும் அதிகாலை நேரத்தில் மலை ஏறுகிறார். ஓர் இரவு லாட்ஜ் செலவு மிச்சம் என்பதற்காக 17 உயிரைப் பணயம் வைப்பது நியாயமா என்று குடும்பத்துப் பெரியவர்கள் யோசிக்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை பகல் பயணம்:

*முதல் நாள்:* ஃபஜ்ர் தொழுதுவிட்டு 5.30-க்குப் புறப்படுங்கள். திருச்சியைக் காலை நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம். கரூருக்கு அப்பால் காலைச் சாப்பாடு. பிற்பகல் 1 மணி அளவில் மேட்டுப்பாளையம்; அங்கே தொழுகை, சாப்பாடு, டிரைவருக்கு ஒரு மணி நேர ஓய்வு. 2.30-க்கு மலை ஏறினால் வெளிச்சத்திலேயே ஊட்டி சேரலாம். இரவு தங்கல் ஊட்டியில்.

*இரண்டாம் நாள்:* காலையில் ஊட்டியைப் பார்த்துவிட்டுக் கூடலூருக்கு இறங்குங்கள். மாலையில் தெப்பக்காடு யானைகள் முகாம். இரவு தங்கல் கூடலூரில் அல்லது முன்பதிவு செய்த விடுதியில்.

*மூன்றாம் நாள்:* காலை சஃபாரி. 10 மணிக்குக் கிளம்பி ஊட்டி வழியாக இருட்டும் முன் மேட்டுப்பாளையம் இறங்கிவிடுங்கள். இரவு அங்கேயே தங்கல்.

*நான்காம் நாள்:* ஊர் திரும்புதல்.

கோடைக் கூட்ட நாட்களில் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாக ஏறவும், கோத்தகிரி வழியாக இறங்கவும் போலீசார் ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். இறங்கும்போது அதற்காகக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

எந்த மாதம் போகலாம்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும். காட்டுத்தீ அபாயம் கூடினால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர் பக்கம் மழை அதிகம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் குன்னூர் பாதையில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. அரையாண்டு விடுமுறையான டிசம்பர் கடைசி வாரம் பசுமையும் குளிரும் சேர்ந்த நேரம். நன்னா, நன்னிக்கும் கைக்குழந்தைகளுக்கும் கம்பளி, குல்லா, காலுறை கட்டாயம்.

முன்கூட்டியே எடுக்க வேண்டியவை

*இ-பாஸ்:* சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைக்கப்பட்டது. இதற்குக் கட்டணம் இல்லை. வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தேதி, தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்து இணையத்தில் எடுக்கலாம். கிளம்பும் வாரத்தில் அன்றைய விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேன் கடைசி நேரத்தில் மாறினால் புது எண்ணுக்கு மறுபடி எடுக்க வேண்டும்.

*தங்குமிடம், சஃபாரி:* வனத்துறையின் தங்கும் விடுதிகளுக்கு முதுமலைப் புலிகள் காப்பகத்தின் இணையத்தளத்தில் முன்பதிவு உண்டு. விடுமுறை நாட்களில் சீக்கிரம் நிரம்பிவிடும். சொந்த வண்டியிலோ நாம் கொண்டுபோன வேனிலோ காட்டுக்குள் சஃபாரி போக முடியாது; வனத்துறை வண்டி மட்டுமே. மசினகுடிப் பக்கம் "இரவில் காட்டுக்குள் கூட்டிப் போகிறோம்" என்று யாராவது அழைத்தால் ஒதுங்கிவிடுங்கள். அது சட்ட விரோதம்.

*பிளாஸ்டிக்:* நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் சிறிய குடிநீர் பாட்டில்களும் தடை செய்யப்பட்டவை. சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் குடம், 20 லிட்டர் கேன், ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், தட்டு, டம்ளர் எடுத்துச் செல்லுங்கள். பேப்பர் கப் என்று விற்பதிலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு.

மலைப்பாதையில் கவனிக்க வேண்டியவை

2023 செப்டம்பர் 30 அன்று, ஊட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தென்காசி மாவட்டம் கடையம் பகுதி மக்களின் சுற்றுலாப் பேருந்து, குன்னூருக்குக் கீழே மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. குறைந்தது 8 பேர் உயிரிழந்தார்கள். நம்மைப் போலவே ஊர்க்காரர்கள் சேர்ந்து போன டூர்தான் அது.

மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பிரேக் பிடிக்கும் சக்தி குறைந்துவிடும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால், அதில் சேர்ந்துள்ள ஈரம் கொதித்து ஆவியாகி, பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். அதனால்:

- எந்த கியரில் ஏறுவோமோ, அதே கியரில் இறங்க வேண்டும். வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பிரேக் துணைக்கு மட்டும்.
- டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கவே கூடாது. இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணை விசையும் போய்விடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.
- ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். சாலை விதியே அதுதான்.
- கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது.
- வேனுக்குள் சத்தமாகப் பாட்டு, டிரைவரிடம் பேச்சு, அவர் கையில் போன் எதுவும் வேண்டாம். முன் இருக்கையில் விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் உட்காரட்டும்.

ஊட்டியில் இருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. ஜி.பி.எஸ். அதைத்தான் முதலில் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் பாதை அது. 2018 அக்டோபரில் சென்னையில் இருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து 5 பேர் இறந்தனர். விழுந்த காரைக் கண்டுபிடிக்கவே சுமார் இரண்டு நாளானது. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. கூடலூர் வழி 30 கி.மீ. கூடுதல்தான். அதிலேயே போங்கள்.

வாந்தி வரும் பிள்ளைகளை முன்பக்க ஜன்னலோரம் உட்கார வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். போன் பார்க்க விடாதீர்கள். தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை என்றால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேனில் அடுப்பு: உயிரோடு விளையாட வேண்டாம்

ஹலால் உணவு கிடைக்குமா என்ற கவலையில்தான் நாம் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போகிறோம். திருச்சி, கரூர், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர் எல்லா ஊரிலும் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். பள்ளிவாசலை ஒட்டி ஹோட்டல்களும் இருக்கின்றன. கூடலூரில் மலையாள முஸ்லிம்கள் அதிகம் என்பதால் அங்கே உணவுக்குக் குறைவில்லை. ஆகவே எல்லா வேளைக்கும் சமைக்க வேண்டிய தேவை இல்லை.

சமைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒரு நிகழ்வை மறக்கக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில், லக்னோவில் இருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் தனிப் பெட்டி தீப்பற்றி 9 பேர் மாண்டார்கள். பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரே காரணம். காலைத் தேநீருக்காக அடுப்பு பற்றவைக்கப்பட்டது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. வேனின் தரையில் தண்ணீர்போலத் தேங்கி நிற்கும். கண்ணாடிகள் மூடியிருந்தால் வெளியேற வழி இல்லை. ஒரு சுவிட்ச் பொறி போதும். ஆகவே ஓடும் வண்டியிலோ, நிறுத்திய வண்டிக்குள்ளோ அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது. மலைக்குப் போகும் வண்டியில் சிலிண்டரே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சமையல் வசதி உள்ள தங்குமிடமாகப் பார்த்து எடுங்கள்; அரிசி, மசாலா, பாத்திரம் மட்டும் கொண்டுபோனால் போதும்.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு நல்லது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, ரொட்டி, தொட்டுக்கொள்ள நன்றாக வறுத்த கறி ஆகியவை தாங்கும். தேங்காய் அரைத்து ஊற்றியது, தயிர்ச்சோறு, முதல் நாள் இரவுப் பிரியாணி ஆகியவை வேன் சூட்டில் மதியத்துக்குள் கெட்டுவிடும். 15 பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் டூர் அத்தோடு முடிந்தது.

காட்டுக்குள் நடந்துகொள்ளும் முறை

- தொரப்பள்ளியில் இருந்து தெப்பக்காடு, கக்கநல்லா வழியாகப் பந்திப்பூர் போகும் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை. 2009-இல் பந்திப்பூரில் தொடங்கிய ஏற்பாடு இது. இரவில் வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுப்பதற்காக வந்தது. 8.30-க்கு மேல் ஓட்டிப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.
- சாலையில் இறங்கக் கூடாது. மான் நிற்கிறது, மயில் நிற்கிறது என்று போட்டோ எடுக்க இறங்குவோர் மீது வனத்துறை அபராதம் விதிக்கிறது.
- குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடாதீர்கள். மனிதன் கையில் உணவைப் பார்த்துப் பழகிய குரங்கு, அடுத்த வண்டியில் வரும் குழந்தையின் கையைக் கடிக்கும்.
- யானை சாலையில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன், பிளாஷ், கூச்சல் எதுவும் வேண்டாம். குட்டியோடு இருந்தால் இன்னும் கவனம். அது போகும்வரை காத்திருப்பதுதான் வழி.
- தீ மூட்டுவது, குப்பை போடுவது, விலங்கைச் சீண்டுவது மூன்றும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.
- யானைகள் முகாமில் காலையும் மாலையும் உணவு கொடுக்கும் நேரத்தில்தான் பார்வையாளர்களுக்கு அனுமதி. நேரத்தை முன்தினமே கேட்டுக்கொள்ளுங்கள். பாகன் சொல்லும் இடத்துக்கு அப்பால் பிள்ளைகளை விடாதீர்கள்.

காட்டுப் பகுதியில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. டீசல், மருந்து, பணம் மூன்றையும் கூடலூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழுகை

இது பயணத்துக்குரிய தூரம் என்பதால் லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். மூன்று நான்கு நாள் பயணம் என்பதால் ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் தங்கும் இடத்திலும் இந்தச் சலுகை தொடரும். ஷாஃபி மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின் இடங்களைத் தவிர அவ்வாறு சேர்ப்பதில்லை. ஒரே வேனில் இரு மத்ஹபினரும் இருந்தால், அதற்கேற்பக் கூடுதலாக ஒரு நிறுத்தம் திட்டத்தில் வையுங்கள். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும். ஐயம் உள்ளவர்கள் கிளம்பும் முன் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பெண்கள் தொழவும் ஒளுச் செய்யவும் இடம் உள்ள பள்ளிவாசல் எது என்று முன்பே விசாரித்து வையுங்கள். நம் டூர்களில் ஆண்கள் பள்ளிக்குள் போய்விட, பெண்கள் வேனிலேயே உட்கார்ந்திருப்பதும், கழிப்பறை இல்லை என்று தண்ணீர் குடிக்காமலே வருவதும் சாதாரணமாகிவிட்டது. இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை, சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்துவதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். ஒரு பாய், குடை, ஒளுவுக்குத் தனி கேன் வண்டியில் இருக்கட்டும். நம் மாநிலத்தில் கிப்லா, மேற்கில் இருந்து சற்றே வடக்குச் சாய்ந்து அமையும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

1. அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 108, பொது உதவி 112, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033.
2. எல்லோருடைய ஆதார் நகல், இ-பாஸ், விடுதி முன்பதிவு ஆகியவற்றின் தாள் பிரதி. சிக்னல் இல்லாத இடத்தில் போன் கைகொடுக்காது.
3. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காயக்கட்டு, காய்ச்சல் மருந்து.
4. டார்ச், கயிறு, தீயணைப்பான்.
5. பிள்ளைகளின் சட்டைப் பையில் பெரியவர் ஒருவரின் போன் எண் எழுதிய சீட்டு.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி கிளம்பும் முன் தலையை எண்ணுங்கள். இதற்கென ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் எண்ண மாட்டார்கள்.

டிரைவருக்கும் நல்ல சாப்பாடும் படுக்கையும் கிடைக்கிறதா என்று பாருங்கள். பல விடுதிகளில் அவருக்கு அறை இருப்பதில்லை. குளிரில் வேன் சீட்டிலேயே சுருண்டு கிடந்துவிட்டுக் காலையில் நம் குடும்பத்தை மலையில் இறக்குகிறார். அறை எடுக்கும்போதே அவருக்கும் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். அது அவருடைய உரிமை, நம் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

பயண துஆவை ஓதிக் கிளம்புங்கள். கட்ட வேண்டிய ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட முறை. பிரேக், டயர், தூக்கம், நேரம் ஆகிய நான்கும் நாம் கட்ட வேண்டியவை. போன அத்தனை பேரும் நலமாக வீடு திரும்ப வல்ல இறைவன் அருள்புரிவானாக.